வாசிப்பில் இருக்கும் கோப்பு

தரணிதரனுக்கு மகள் இறந்த துக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வந்தது.

மற்றவர்களுக்கு அப்படியில்லை. அமுதினி வாய்க்காலில் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பள்ளிக்கூட வேன் வந்தால் அவன் மனைவி வசுமதி இன்னும் வாசல் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் சாத்திவிட்டு வந்து சாம்பாருக்குப் புளி கரைக்க அவளால் முடியும். தரணியின் அக்கா பூங்கொடி, குழந்தையின் குறும்புகளைச் சொல்லிச் சில நேரம் சிரிக்கவும் செய்வாள். அவனுக்கு மட்டும் அந்த ஒரு பகல் நகரவே இல்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் போதும். உடுமலைப் பக்கத்து வாய்க்கால் கரையும், ஈரமான சின்ன விரல்களும், அந்த விரல்கள் வழுக்கிப் போன நொடியும் அப்படியே வந்து நிற்கும். "கைய விட்டுட்டனே! கைய விட்டுட்டனே!" என்று வாசலுக்கு ஓடுவான்.

அவன் நினைவுகள் அவன் தலைக்குள் இல்லை என்பதுதான் காரணம்.

குழந்தை போன அடுத்த வருடம் அவனுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பழைய ஞாபகங்கள் கரையத் தொடங்கின. முழுவதும் கரைவதற்குள் மருத்துவமனைக்காரர்கள் அவற்றைக் கோப்புகளாக எடுத்துச் சேமித்துவிட்டார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வில்லை பொருத்தினார்கள்; புதிய ஞாபகங்களும் அதன் வழியே கோப்புகளாகவே சேர்ந்தன. ஒரு முகத்தைப் பார்த்தாலோ ஒரு சத்தத்தைக் கேட்டாலோ, அதற்கான நினைவைத் தொலைவில் இருக்கும் சர்வரிலிருந்து அந்த வில்லை எடுத்துக் கொடுக்கும். ஊரில் இப்படி வாழ்கிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

அந்தச் சர்வர்கள் இருந்தது சரவணம்பட்டியில், வசுமதி வேலை பார்த்த நிறுவனத்தில். மில்களின் வரைபடங்கள், மருத்துவமனைச் சீட்டுகள், வழக்குக் கட்டுகள் என்று ஊர்ப்பட்ட ஆவணங்களைக் கட்டிக் காப்பதுதான் அவர்கள் தொழில். மனித நினைவு அந்த வரிசையில் இன்னொரு வகைச் சரக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். மேலே எது யாருடையது என்று சொல்லும் ஒரு தலைப்புப் பதிவு, அதன் கீழ் துண்டுகள், யார் தொடலாம் எவ்வளவு காலம் வைக்கலாம் என்று சில விதிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க ஊழியர்களுக்கு உரிமை கிடையாது. தன் கல்யாண நாள் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று வசுமதிக்குத் தெரியும். அது தரணியின் கண்ணில் எப்படி இருந்தது என்று மட்டும் தெரியாது.

"நம்ம ஞாபகம் எடுக்க எடுக்கத் தேயும் மக்கா," என்று பெனடிக்டாதான் ஒருநாள் கேன்டீனில் விளக்கினாள். நாகர்கோவில்காரி. பக்கத்து மேஜை. "நாம ஒரு விஷயத்தப் பத்தாவது தடவை நெனைக்கும்போ, ஒம்பதாவது தடவை நெனச்சதோட நெழலத்தான் பாக்குதோம். அதனாலதான் துக்கம் மங்குது. உன் வீட்டுக்காரருக்கு அப்படியில்ல. அவருக்கு வருதது மூலப்பிரதி. ஆயிரம் தடவை வாசிச்சாலும் ஒரு தூசி ஒட்டாது. அதச் சொல்லித்தானே நம்ம கம்பெனி விளம்பரமே போடுது!"

"அப்ப அவருக்கு ஆறவே ஆறாதா?"

"அழிச்சாத்தான் உண்டு."

அழிப்பதற்குப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பாளர் வசுமதி. டாக்டர் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள்தான் தள்ளிப்போட்டாள். அமுதினியை அப்பாவின் நினைவிலிருந்து எடுத்துவிட்டால், அந்தக் குழந்தையைப் பெற்றவள் இருப்பாள், பெற்றவன் இருக்கமாட்டான். அடுத்த நாள் காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, தான் மட்டும் ஒருத்தியாக ஒரு பிள்ளையைச் சுமக்க வேண்டும். அதை நினைத்தாலே கை பின்வாங்கியது.

கடைசியில் பூங்கொடிதான் உடைத்துப் பேசினாள். "ஏன் கண்ணு, நீ ஆபீசுக்குப் போயிர்ற. பகலெல்லாம் அவனப் புடிச்சுக்கிட்டு நிக்கறது நானு. நேத்து கேட்டுல முட்டி நெத்தி கிழிஞ்சிருச்சு பாத்தியா? உனக்குத் துணைக்கு அழ ஆள் வேணும்னு என்ற தம்பியத் தெனமும் சாகடிக்காத."

அந்தச் சொல் தைத்தது. வசுமதி கையெழுத்துப் போட்டாள்.

*

அந்த அலுவலகத்தில் இரண்டு வகை இயங்குதளங்கள் இருந்தன. நிறுவனம் தொடங்கியபோது வாங்கிய சர்வர்கள் ஒரு வகை. அவற்றில் நினைவின் காட்சி, பேச்சு, பெயர், இடம் எல்லாம் இருந்தன. உணர்ச்சியைப் பதிவு செய்யும் கருவியை வேறொரு நிறுவனத்திடம் வாங்கியபோது, அது இன்னொரு வகை இயங்குதளத்தில் மட்டுமே ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஒரு மனிதன் கண்டது ஒரு பக்கமும் அவன் பட்டது இன்னொரு பக்கமுமாக இருந்தன. பெனடிக்டா இந்த இரண்டுக்கும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று பெயர் வைத்திருந்தாள். மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வசுமதி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழைய ஏற்பாட்டுக்காரி. பெனடிக்டா புதியது.

உறவினர் கோப்பை ஊழியர் தொடக்கூடாது என்பது விதி. பெனடிக்டாதான் அழிக்க வேண்டும். "மத்தியானம் அவரு சாப்பிட்டுத் தூங்கட்டும். ரெண்டு பக்கமும் வாசிப்பு மூடியிருக்கான்னு பாத்துட்டு நான் செய்யுதேன். நீ இங்க நிக்காத, கீழ போயி டீ குடி," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். அவளுடைய திரை திறந்தே இருந்தது.

வசுமதி கீழே கிளம்புமுன் பூங்கொடியின் போன் வந்தது.

"கண்ணு! மேல டேங்க்கு நெறஞ்சு வழியுது. அந்தச் சத்தம் கேட்டு எந்திரிச்சுட்டான். கேட்டப் புடிச்சு உலுக்கறானாத்தா, என்னால முடியல…"

பின்னால் அவன் குரல். அமுதினியின் பெயரைச் சொல்லி அவன் கத்தும் கத்தல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது. பெனடிக்டாவின் திரையில் அவன் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்தது. வாசிப்பில் இருக்கிறது என்று பொருள். அந்த நொடியில் அவன் வாய்க்கால் கரையில் நிற்கிறான்.

ஒரு விரல் தூரத்தில் அதற்கு முடிவு இருந்தது. வசுமதி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தாள். பழைய ஏற்பாட்டுக்காரி யோசிப்பதுபோல யோசித்தாள். அவள் பழகிய சர்வரில், ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் கோப்பை அழித்தாலும் பாதகமில்லை. படிப்பவர் படித்து முடிக்கும்வரை அது அவர் கையில் இருக்கும். அவர் மூடியதும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். எத்தனையோ முறை செய்திருக்கிறாள். கடைசியாக ஒருமுறை மகளைப் பார்த்துக்கொள்ளட்டும், அதோடு முடியட்டும் என்று நினைத்து அழுத்தினாள்.

'அழிக்கப்பட்டது' என்று திரை சொன்னது.

போனில் கத்தல் மெல்லத் தேய்ந்து நின்றது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தரணியின் குரல், சாதாரணக் குரல்: "ஏனக்கா, டேங்க்கு வழியுது, மோட்டார நிறுத்தாம என்ன பண்றே?"

வசுமதி மேஜையில் தலை கவிழ்த்து அழுதாள். சாப்பிட்டுவிட்டு வந்த பெனடிக்டா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டு அதை அணைத்தாள்.

*

இரண்டு நாள் வீடு வீடாக இருந்தது. தரணி செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். குழாய்ச் சத்தத்துக்கு நடுவிலேயே பாட்டு முணுமுணுத்தான். வசுமதிக்குச் சந்தோஷமும் குற்ற உணர்வும் ஒன்றாகவே இருந்தன.

மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே அழ ஆரம்பித்தான்.

"என்னங்க? என்னாச்சுங்க?"

"யாரோ செத்துட்டாங்க வசு," என்றான். "யாருன்னு தெரியல."

அன்று அவன் தூங்கவில்லை. மறுநாள் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். பெரியப்பா இருக்கிறாரா, மில்லில் கூட வேலை பார்த்த ஜோதிமணி இருக்கிறாரா, பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறாரா? எல்லாரும் இருந்தார்கள்; குழந்தையின் பேச்சை எடுக்க வேண்டாம் என்று பூங்கொடி அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். "தரணி, நாங்க நல்லாத்தான் இருக்கறோம், உனக்கு என்னப்பா?" என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பவர்களை எண்ணினான். அக்கா, வசு, நான். எண்ணிக்கை சரியாக இருந்தது. அது சரியாக இருந்ததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. முன்பு அழும்போது ஓடுவதற்கு ஒரு திசையாவது இருந்தது. இப்போது கூடத்தின் நடுவில் நின்றபடியே அழுதான்.

வசுமதி எல்லாவற்றையும் சொன்னபோது பெனடிக்டா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ அழிக்கும்போ வாசிப்பு மூடி இருந்துச்சா?"

இல்லை என்று வசுமதி தலையாட்டினாள்.

"ஏட்டி பாவி! உங்க பக்கம் அது சரி. எங்க பக்கம் அப்படியில்ல கேட்டியா? எங்க சர்வர்ல ஒருத்தரு படிச்சிட்டிருக்க கோப்ப அழிக்கவே விடாது. மாட்டேன்னு சொல்லிரும். தலைப்புப் பதிவு உங்க பக்கம் இருக்கதுனால, அது போனதும் எல்லாம் போச்சுன்னு திரை சொல்லிட்டு. புள்ளையோட மொகம் போச்சு, பேரு போச்சு. துக்கம் மட்டும் எங்க பக்கம் அப்படியே கெடக்கு."

"சரி, அத இப்ப அழிச்சிரலாமில்ல?"

"எதுன்னு அழிப்பே? எங்ககிட்ட உள்ளதுல்லாம் பேரில்லாத துண்டு. எது யாருக்குன்னு அந்தத் தலைப்புப் பதிவுலதான் இருந்துச்சு. அதத்தான் நீ அழிச்சிட்டே. காப்புப் பிரதியும் சேர்ந்தே போகணும்ங்கது சட்டம். போயிட்டு. அவரு வில்லைக்கு மட்டும் வழி ஞாபகம் இருக்கு. தலைப்ப ரெண்டு நாள் தேடிட்டு, கெடைக்காம, இப்ப அது நேராப் போயி எடுத்துட்டு வருது."

இப்படித் தலைப்பில்லாமல் கிடக்கும் துண்டுகளை அலுவலகத்தில் அநாதைகள் என்பார்கள். அந்தச் சொல்லை வசுமதி எத்தனையோ தடவை சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை வரட்டும்," என்றாள் பெனடிக்டா. ஞாயிறுதோறும் சர்வர்களில் துப்புரவு வேலை தானாக ஓடும். அநாதைகளைத் தேடி, அவை இதற்குமுன் எந்தப் பதிவோடு அதிகமாகச் சேர்ந்து வாசிக்கப்பட்டனவோ, அதனோடு கொண்டுபோய் ஒட்டிவிடும். "வாய்க்காலோடயோ உடுமலையோடயோ ஒட்டும். ஒட்டிட்டா அதுக்கு ஒரு பேரு வந்துரும். அந்த எடத்தோட சேத்துத் தூக்கிரலாம். உடுமலை இல்லாட்டி ஒரு மனுஷன் வாழ முடியாதா என்ன?"

அந்த வாரம் முழுவதும் வசுமதி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அவன் அழும்போதெல்லாம் ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டாள். அவன் பழையபடி "வசு, வசு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். குழந்தை போனதிலிருந்தே அப்படித்தான். அவள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம், முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவதும், கட்டிப் பிடித்துக்கொள்வதும், கேட்டருகே போய் இழுத்து வருவதும் அவள்தான். பகலில் அக்கா பிடித்துக்கொண்டபோதும் அவன் கூப்பிட்டு அழுதது அவளைத்தான்.

திங்கட்கிழமை காலை, காபியோடு அறைக்குள் போனாள். தரணி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் உடைந்தது.

"அக்கா," என்று அலறினான், "அக்கா, வசு போயிட்டாக்கா!"

டம்ளர் கையிலேயே இருக்க அவள் அவன் எதிரில் நின்றாள். "நான் இங்கதான் இருக்கறனுங்க. பாருங்க."

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே அழுதான். அவள் உயிரோடு நிற்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. பிணத்தருகே உட்கார்ந்தவன்போல அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

*

"வாய்க்காலோட ஒட்டல. உன்னோட ஒட்டிட்டு," என்றாள் பெனடிக்டா.

"பிரிக்க முடியாதா?"

"ஒட்டினது ஒட்டினதுதான் மக்கா. இனி அது உன் பதிவோட பாகம். கல்யாணம், சண்டை, நீ வெச்ச கொழம்பு எல்லாத்துலயும் கலந்துட்டு."

வசுமதி பெனடிக்டாவின் அறையில் போய்த் தங்கினாள். கண்ணில் படாவிட்டால் அடங்குமோ என்று பார்த்தார்கள். அடங்கவில்லை. கொடியில் காய்ந்த அவள் சேலையைப் பார்த்தான், அழுதான். யாரோ தெருவில் அவள் பெயரில் இன்னொருத்தியைக் கூப்பிட்டார்கள், அழுதான். கல்யாணப் படத்துக்கு வாடாமல்லி மாலை கட்டிப் போட்டிருந்தான். சாப்பிடுவதை விட்டுவிட்டான்.

மாடிப்படியில் உட்கார்ந்து பூங்கொடியும் அவளும் பேசினார்கள். உள்ளே அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நானே சொல்லிர்றனே," என்றாள் பூங்கொடி. "பாப்பா ஒண்ணு இருந்துச்சு, அதுதான் போச்சுன்னு."

"சொன்னா அது இன்னொரு துக்கமாச் சேருமுங்க நங்கையா. இது போகாது," என்றாள் வசுமதி நாத்தனாரிடம்.

"வேற என்னதான் பண்ணோணும்?"

"என்னை எடுக்கோணும்."

பூங்கொடி அவள் முகத்தையே பார்த்தாள். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? தாலி கட்டிக்கிட்டவ நீயி!"

"அவருக்கு அது தெரிஞ்சா ஆகாதுங்க. பொறுப்பாளரா உங்க பேர மாத்தி எழுதிக் குடுத்துட்டேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." பிறகு, தன் நாத்தனாரைக் குத்த வேண்டும் என்று நினைக்காமலே சொன்னாள்: "பெத்த புள்ளைய எடுக்கறதுக்கு நான் போட்டனில்லீங்க? இது அத விடவா பெருசு?"

பூங்கொடி அழுதுகொண்டே போட்டாள்.

இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. பெனடிக்டாதான் செய்தாள். அவன் நன்றாகத் தூங்கும்வரை காத்திருந்தாள். இரண்டு பக்கமும் பச்சைப் புள்ளி அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். வசுமதி கீழே டீக்கடையில் நின்றாள். பெனடிக்டா இறங்கி வந்து, "முடிஞ்சிட்டு," என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் தான் அழத் தொடங்கினாள்.

*

மாதம் ஒன்று போகட்டும் என்று பூங்கொடி சொல்லியிருந்தாள். வசுமதிக்குப் பொறுக்கவில்லை. பத்து நாளில் வந்து நின்றாள். கழுத்தில் அவன் கட்டிய தாலி தெரியாதபடி முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"பின்னால தெருவுக்குப் புதுசா வந்திருக்காங்கடா," என்று பூங்கொடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தாங்க."

"வாங்க, உக்காருங்க," என்றான் தரணிதரன். முகம் தெளிந்திருந்தது. சதை போட்டிருந்தான். அக்காவோடு இருக்கும், கல்யாணம் ஆகாத ஒரு மனிதனின் சாவகாசம் அவன் உட்கார்ந்திருந்ததில் இருந்தது. "அக்கா, காபி போடு. ஊரு புடிச்சிருக்குதுங்களா? தண்ணிதான் கொஞ்சம் உப்பா இருக்கும்."

"பழகிருச்சுங்க," என்றாள்.

"புள்ளைங்க படிக்கறாங்களா?"

பூங்கொடி அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

"ஒண்ணு இருந்துச்சுங்க," என்றாள் வசுமதி. "வாய்க்கால்ல போயிருச்சு."

"அடடா," என்றான் அவன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எத்தன வயசுங்க?"

"அஞ்சு."

"பேரு?"

"அமுதினி."

"நல்ல பேருங்க. யாரு வெச்சது?"

"அவங்கப்பாதான்."

தலையாட்டினான். மேலே கேட்கலாமா என்று தயங்குவது தெரிந்தது. அவள் தானாகவே சொன்னாள். முட்டையில் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைப் பூனைக்குப் போட்டுவிடும். செருப்பை எப்போதும் கால் மாற்றித்தான் மாட்டும். சொன்னால், "என்ற கால்தான் மாறி இருக்குது" என்று சண்டைக்கு வரும். அதைக் கேட்டு அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். குழந்தை போன பிறகு, அமுதினியைப் பற்றிப் பேசி அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியதும் அவன் கண்ணில் ஈரம் இருந்தது. அறிமுகமில்லாத ஒருத்தியின் துக்கத்துக்கு நல்ல மனிதர் யாருக்கும் வரும் ஈரம். துடைத்துக்கொண்டான்.

"கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு? தாங்கிட்டாருங்களா?"

வசுமதி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"முதல்ல ரொம்பக் கஷ்டப்பட்டாருங்க. இப்ப நல்லா இருக்காரு."

"குடுத்து வெச்சவருங்க," என்றான் தரணிதரன். "பக்கத்துல நீங்க இருக்கறீங்கல்ல."